எந்த மேட்ச்?

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் அதிகமாகப் புழங்கிய இங்கிலீஷ் வார்த்தை ‘மேட்ச்’தான். அப்பா ஊருக்கு வெளியே ஒரு மேட்ச் ஒர்க்ஸில் போர்மேன். போர்டில்தான் அப்படி எழுதியிருக்கும்; எங்கள் பக்கத்தில் அதற்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பெயர். தம்பிக்கு மேட்ச் என்றால் கிரிக்கெட். அம்மாவுக்குச் சேலைக்கு ஜாக்கெட் மேட்ச் ஆகவேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு வெளியே கிளம்ப மாட்டாள்.

எனக்கு அந்த வார்த்தை சின்ன வயதிலிருந்தே உறுத்தும். ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கையில் அப்பாவிடம், “உங்க ஆபீஸ் மேட்ச்சுல யாருப்பா ஜெயிச்சா?” என்று கேட்டேனாம். அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பதில் மட்டும் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாது.

பி.ஏ. இங்கிலீஷ் படிக்க ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போய்வந்த காலத்தில் பதில் கிடைத்தது. கல்லூரி நூலகத்தில் தனி மேசை போட்டு ஒரு பெரிய அகராதி வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் தூக்க முடியாது. ஒரு மத்தியானம், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கிறதே என்று ‘எம்’ எழுத்தைப் புரட்டினேன். பார்த்தால் ஒரு மேட்ச் இல்லை, இரண்டு! தனித்தனியாக எண் போட்டு, தனித்தனியாகப் பிறந்த கதை சொல்லியிருந்தது.

தீக்குச்சி மேட்ச் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு அர்த்தம் விளக்குத் திரி. தீக்குச்சி என்ற சாமானே உலகத்தில் இல்லாத காலத்தில் திரிக்கு அந்தப் பெயர். பொறவு பீரங்கிக்கு நெருப்பு வைக்கிற கனல் கயிற்றுக்கு. குச்சி வந்ததும் பெயர் குச்சிக்குப் போய்விட்டது. மற்ற மேட்ச் அசல் பழைய இங்கிலீஷ். அதன் முதல் அர்த்தம் துணை, ஜோடியில் ஒரு ஆள். புருஷனையும் சொல்லலாம், பெண்டாட்டியையும் சொல்லலாம். ஜோடி என்றால் சரிக்குச் சரி. சரிக்குச் சரியாக இருக்கிறவன்தானே எதிரே நின்று போட்டி போட முடியும்? அந்த வழியில் விளையாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. சேலைக்கு ஏற்ற ஜாக்கெட்டும் அதே வழிதான். ஒரே முகஜாடையில் இரண்டு வார்த்தை, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஆனால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை!

எனக்கு உட்காரவே முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மடியில் கீரைக்கட்டு வைத்திருந்த ஒரு அம்மாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்படியா தாயி, செத்த அந்த ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்கி” என்றாள். வீட்டில் தம்பி, “பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டான். வராது என்றதும் பேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்பா அன்றைக்கு இரண்டு ஷிப்டு. கேட்கிற தெம்பில் இல்லை. அந்தச் சந்தோஷத்தை நானே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

படிப்பு முடிந்த வருஷம் ஐப்பசியில், மதுரையில் இருந்த சித்தி எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள். சித்தி டவுன்காரி. வரன் என்றெல்லாம் சொல்ல மாட்டாள். “அக்கா, அருமையான மேட்ச். ராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர். தங்கமான குடும்பம். இந்த மேட்ச்சை விட்டுராத” என்றாள். சித்தி போன பிறகும் அம்மாவின் வாயில் அது ஒட்டிக்கொண்டது. “ஏட்டி, மேட்ச் வர்ற அன்னைக்கு இந்த ஜன்னல் திரையை மாத்தணும்.” “ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்குக் கேசரி போதுமா, வடையும் வேணுமா?” வீட்டில் ஏற்கெனவே இருந்த மூன்று மேட்ச்சோடு நாலாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. நான்தான் அகராதி படித்தவளாயிற்றே, இதுதான் அந்த வார்த்தையின் மூத்த அர்த்தம் என்று எனக்கு மட்டும் தெரியும்!

எனக்கு எம்.ஏ. படிக்க ஆசை. அதனால் கல்யாணப் பேச்சு எடுத்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் சித்தி கொண்டுவந்த போட்டோவில் அந்த ஆள் காமிராவைப் பார்க்கவில்லை. யாரோ பக்கத்திலிருந்து கூப்பிட்ட மாதிரி, சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் முந்தின முகத்தோடு ஒருபக்கமாகத் திரும்பியிருந்தார். யார் கூப்பிட்டிருப்பார்கள் என்று இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். அம்மா பார்க்காத நேரத்தில்தான்.

அதே ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ராஜபாளையம் டீமோடு மேட்ச். அந்த டீமில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிற பையன்கள். காலையில் பெண் பார்க்க வருகிறவர்களை வாங்க என்று சொல்லிவிட்டு, மத்தியானம்தான் பஸ் ஏறவேண்டும் என்று அம்மா அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தேரடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்த அண்ணாச்சியின் நம்பரைத்தான் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்திருந்தார். தம்பியும் அதே நம்பரை ராஜபாளையம் டீமுக்குக் கொடுத்திருக்கிறான். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் பூராவும் மழை. மழை பெய்தால் தீப்பெட்டி ஆபீஸில் மருந்தில் முக்கின குச்சி காயாது. வேலை நின்று அப்பா வீட்டிலேயே கிடந்தார். சனிக்கிழமை வானம் செத்த நேரம் வெறித்ததும், பிளவக்கல் அணை நிறைந்துவிட்டதாம் என்று தம்பி கூட்டாளிகளோடு சைக்கிளில் பார்க்கப் போய்விட்டான். அம்மா உளுந்து ஊறப்போட்டுவிட்டு ரவை சலித்துக்கொண்டிருந்தாள். அப்போது மருந்துக்கடை அண்ணாச்சி குடையை மடக்காமலே வாசலில் வந்து நின்றார்.

“ராஜபாளையத்துல இருந்து போன் வந்துச்சு. நாளைக்கு மேட்ச் கேன்சலாம். மழைதான் காரணம்னாவ. பொறவு பேசுதாவளாம்.”

அம்மா சல்லடையைக் கீழே வைத்தாள். “வேற ஒண்ணும் சொல்லலையா அண்ணாச்சி?”

“இல்லையே. பேசினது சின்னப் பையன் மாதிரி இருந்துச்சு. தெலுங்குக்காரப் பையன். கடையில ஆள் நிக்காவ, வாரேன்.”

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும்தான் அம்மா பொறுத்தாள். “மழையாம்ல மழை! இந்தா இருக்கு ராஜபாளையம், பஸ் ஓடலையா? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதான! அதையும் கூட வேலை பாக்கிற பையனை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கான் பாரு!”

எனக்கு நியாயமாகப் பார்த்தால் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எம்.ஏ. சேர வழி திறந்தது. ஆனால் வந்தது கோபம். என்னைப் பார்க்கக்கூட இல்லையே, பார்க்காமலே வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? போட்டோவை எடுத்து அலமாரியில் துணிக்கு அடியில் தள்ளினேன். அம்மா ஊறின உளுந்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மஞ்சள் சேலைக்கு மேட்சாகத் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை அவசரமில்லை, அடுத்த வாரம் வாங்கிக்கிறோம் என்று டெய்லரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா, “காலைல திருவண்ணாமலை போய்ப் பெருமாளைப் பாத்துட்டு வாரேன்” என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊரை ஒட்டி ஒரு குன்று, அதன் மேல் பெருமாள். எங்களுக்குத் திருவண்ணாமலை என்றால் அதுதான். மனசு சரியில்லாவிட்டால் அப்பா அங்கேதான் போவார்.

சாயங்காலம் தம்பி நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தான். “மேட்ச் கேன்சலாம்லே” என்றாள் அம்மா.

தம்பி சைக்கிளைக் கீழே போட்டான். நிஜமாகவே போட்டான். “ஐயோ! யாரும்மா சொன்னா? எம்புட்டு நாளா காத்துக்கிட்டு இருந்தேன்!”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மேல் இவனுக்கு இம்புட்டுப் பாசமா என்று நினைத்துவிட்டாள். தலையைத் துவட்டிவிட்டபடி, “மழைன்னு சாக்குச் சொல்லுதாவ” என்றாள்.

“மழையெல்லாம் சும்மாம்மா. பயந்துட்டாவ.”

“நம்மளைப் பாத்து எதுக்குலே பயப்படணும்?”

“பின்ன? நீ கவலைப்படாத. அவிய இல்லைன்னா ஊர்ல வேற ஆளா இல்ல? வத்திராயிருப்புல ஒரு நல்ல மேட்ச் இருக்கு. நாளைக்கே பேசி, அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுதேன்.”

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மீசை சரியாக முளைக்காத பையன், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறானே! அவனுக்கு இன்னும் ஒரு தோசை ஊற்றினாள். நான் கோபத்தில் அடுத்த அறையில் படுத்திருந்தேன். காதில் எல்லாம் விழுந்தது. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இங்கிலீஷ் பட்டதாரி!

மறுநாள் காலையில் பளீரென்று வெயில். அப்பா விடிந்ததும் மலைக்குப் போய்விட்டார். மழையில் முன்னறை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். நான் ஒரு பழைய நைட்டியும், மேலே அப்பாவின் சட்டையும் போட்டுக்கொண்டு, வாளியும் விளக்குமாறுமாகத் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். தள்ளின தண்ணீர் ஒரு ஜோடி பளபளப்பான ஷூவின் மேல் போய் விழுந்தது.

நிமிர்ந்தால் அந்தப் போட்டோ முகம். இந்தத் தடவை நேராக என்னைப் பார்த்தபடி. பின்னால் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா, தாம்பாளத்தோடு ஒரு பெரியவர், தெருவில் ஒரு வாடகைக் கார்.

“பொண்ணு வீடு இதானம்மா?” என்று கேட்டாள் அந்த அம்மா.

என் வாயில் எது வந்ததோ அதைச் சொன்னேன். “மேட்ச் கேன்சல்னு சொன்னீங்களே!”

மாப்பிள்ளை அவர் அம்மாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “எந்த மேட்ச்?”

உள்ளேயிருந்து தம்பி அப்போதுதான் எழுந்த தூக்கக் கலக்கத்தில் கைலியை மடித்துக் கட்டியபடி வந்தான். “ராஜபாளையம் டீம் மேட்ச்தான். மழைன்னு சொல்லிக் கேன்சல் பண்ணிட்டாவ. நீங்க அந்த டீமா?”

எனக்குள் ஒவ்வொன்றாகக் கதவு திறந்தது. தெலுங்குக்காரப் பையன். மழை. வத்திராயிருப்பு மேட்ச். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. விஷயம் புரிந்ததும் மாப்பிள்ளை ஈர ஷூவோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அம்மாவும் சிரித்தாள். தம்பிதான், “அப்போ வத்திராயிருப்பு டீமை வரச் சொல்லவா வேண்டாமா?” என்று விழித்தான்.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டில் உளுந்து இல்லை, அப்பா இல்லை, நாற்காலி இல்லை, ஜாக்கெட் இல்லை. “உக்காருங்க, உக்காருங்க” என்று ஈரத்தரையைக் காட்டினாள். அப்பா மலைக்குப் போயிருக்கிறார் என்று கேட்டதும் மாப்பிள்ளையே வழி சொன்னார். “கார் சும்மாதான நிக்கி. நாங்க ரெண்டு பேரும் போய் மாமாவைக் கூட்டிட்டு வந்துருதோம்.” தம்பியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மலைப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த அப்பாவிடம் தம்பி, “அப்பா, மேட்ச் கேன்சல் இல்லையாம், இவருதான் மேட்ச்” என்றானாம். அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அப்படியே திரும்பி மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காரில் ஏறினாராம். வரும்போது கடையில் பால்கோவா வாங்கி வந்தார்கள். நாங்களாகச் சாப்பிட அதை வாங்குவதே இல்லை, வெளியூர்க்காரர்களுக்குத்தான். அன்றைக்கு அதுதான் மானத்தைக் காப்பாற்றியது.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு எங்கள் அடுப்படிக்கே வந்து ரவையை வறுத்தாள். நான் மஞ்சள் சேலைக்கு ஊதா ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். “மேட்ச் ஜாக்கெட் டெய்லர்ட்ட கிடக்கு” என்று அம்மா சொன்னதும், முன்னறையில் மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

“அந்த ஒரு வார்த்தையை இந்த வீட்டுல எதுக்கெல்லாம்தான் சொல்லுவீங்க?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க இங்கிலீஷ்தான படிச்சீங்க? எப்படி ஒரே வார்த்தைக்கு இம்புட்டு அர்த்தம் வந்துச்சு?”

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தேன்! காப்பித் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் பறந்துவிட்டது. இரண்டு வார்த்தை, இரண்டு பிறப்பு, துணை, சரிசமம், போட்டி, திரி, பீரங்கி. மாப்பிள்ளை முன்னால் சாய்ந்து கேட்டார். “பிரெஞ்சுக்கு முன்னால?” “லத்தீன்.” “அதுக்கு முன்னால?” “கிரேக்கம்னு சொல்லுதாவ.” “அதுல என்ன அர்த்தம்?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சொல்லலாமா என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் சும்மா சொல்லு என்பது போலத் தலையாட்டினார்.

“சளி” என்றேன்.

தாம்பாளம் தூக்கி வந்த பெரியவர், மாப்பிள்ளையின் தாய்மாமா, காப்பியைத் துப்பிவிட்டார். நான் அவசர அவசரமாக, “விளக்கு மூக்குல இருந்து திரி தொங்குறது சளி ஒழுகுற மாதிரி இருக்கும்னு அவிய அப்படிப் பேர் வச்சிருக்காவ” என்று விளக்கினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. அம்மா அடுப்படியில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்பாதான் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். “அப்போ இத்தனை வருசமா நான் வேலை பாக்கிறது தீப்பெட்டி ஆபீஸ் இல்லை, திரி ஆபீஸ்!” என்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“மாமா, திரின்னா பஞ்சு, நூல்” என்றார் மாப்பிள்ளை. “அப்படிப் பாத்தா அது எங்க மில்லு வார்த்தை. உங்க ஆபீஸ் பொறவு வந்து எடுத்துக்கிடுச்சு.”

“அதெப்படி? பத்த வைக்கிறது யாரு? நாங்கதான?”

“நூல் இல்லாம எதைப் பத்த வைப்பீங்க?”

இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டுக் கேசரி ஆறுகிற வரைக்கும் வாதாடினார்கள். நான் அங்கேயே நின்றேன். எம்.ஏ. படிக்கணும் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தவள், காப்பி டம்ளரை எடுக்கிற சாக்கில் நேராகவே சொல்லிவிட்டேன். “படிங்க. அந்த அகராதி எங்க ஊர்லதான இருக்கு” என்றார் அவர்.

நின்றுபோன கிரிக்கெட் மேட்ச் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் நடந்தது. அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக மகன் விளையாடுவதைப் பார்க்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றதும் அம்மா கூடாது என்றாள். “வரட்டும். அன்னைக்குத்தான் எல்லாம் களேபரமாப் போச்சு. நல்லா இன்னொரு தடவை பாத்துக்கிடட்டும்” என்றார் அப்பா.

மேற்கே மலை மழை கழுவிப் பச்சையாக நின்றது. மைதானத்தில் இன்னும் சேறு. வழக்கமாக நிற்கிற அம்பயர் வரவில்லை. மாப்பிள்ளை வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ராஜபாளையம் பையன்களுக்கு அவரைத் தெரியும். என் தம்பி முந்திக்கொண்டு, “மாமாவே நிக்கட்டும்!” என்று கத்தினான். அவனுக்கு உள்ளூரக் குஷி.

கடைசி ஓவர் வரை இழுத்துக்கொண்டு போனது. எங்கள் டீம் ஜெயிக்கிற மாதிரியும் இருந்தது, தோற்கிற மாதிரியும் இருந்தது. நான் அப்பாவின் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். தம்பி பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினான். இரண்டாவதுக்குத் திரும்பினான். “வராதலே, வராத!” என்று அப்பா எழுந்து நின்று கத்தினார். அவன் வந்தான், சேற்றில் சறுக்கிக்கொண்டு வந்தான். பந்து ஸ்டம்பில் பட்டு மூன்று குச்சியும் தெறித்தன. மைதானம் பூராவும் மாப்பிள்ளையைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. விரலைத் தூக்கினார். “அவுட்.”

தம்பி பேட்டைச் சேற்றில் குத்தினான். “எங்க அக்காவை உங்களுக்குக் குடுக்க மாட்டோம்!” என்று கத்தினான். ராஜபாளையம் பையன்கள் தெலுங்கிலும் தமிழிலும் கூச்சல் போட்டு மாப்பிள்ளையைத் தோளில் தூக்கினார்கள். அவர், “இறக்குங்கலே, நான் உங்க ஆள் இல்லை, அம்பயர்” என்று கெஞ்சியது நாங்கள் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “அந்த ஆள் வேண்டாம்ப்பா” என்றான். அப்பா அவன் முழங்காலில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டிவிட்டார். “மச்சான்னு தெரிஞ்சும் கையைத் தூக்கினான் பாத்தியா?” என்றார். “நான் அந்த இடத்துல நின்னா தூக்கியிருப்பனான்னு தெரியலை. இவன்கிட்ட நம்ம பொண்ணை நம்பி விடலாம்லே.” எனக்குப் பஸ் தரையில் ஓடுகிற மாதிரியே இல்லை.

தை மாதம் கல்யாணம். ஹோமத்தில் பெண்ணின் தம்பி பொரி எடுத்துக் கொடுக்க வேண்டும். தம்பி முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். ஐயர் அவசரப்படுத்தினார், அம்மா கண்ணை உருட்டினாள். அவன் மாப்பிள்ளையின் காதுப்பக்கம் குனிந்து, “இப்போ சொல்லுங்க மாமா. அன்னைக்கு நிஜமாவே அவுட்டா?” என்று கேட்டான்.

புகையில் கண் எரிந்து தண்ணீர் வழிய, என் வீட்டுக்காரர் சொன்னார்: “அவுட்டுதான்லே. ஒரு சாண் வெளிய இருந்த.”

தம்பி சிரித்துவிட்டு, இரண்டு கையும் நிறையப் பொரியை அள்ளினான்.